டி.க்யூ.எம். ஓடவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழிமுறை

முழுமைத் தர மேலாண்மையை (டி.க்யூ.எம்.) ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகியிருக்கும். பயிற்சி முடிந்துவிட்டது, தரக் கொள்கையைச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது, லைனுக்கு லைன் சார்ட் தொங்குகிறது. ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. இந்தக் கட்டத்தில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குத்தான் நான் அதிகம் போயிருக்கிறேன். செய்யும் பொருள் வேறு வேறாக இருந்தாலும் கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், பணமும் நாளும் விழுங்கும் காரணம் கடைசியில் வரும். முதல் காரணத்தைத் தளத்தில் நின்று விலக்கிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். "எல்லோருக்கும் இன்னொரு முறை பயிற்சி கொடுத்துவிடுவோம்" என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் முதலில் வரும். அதை ஒதுக்கி வையுங்கள். பயிற்சி இல்லாததால் வரும் கோளாறு, நான் பார்த்தவரை, மற்ற காரணங்களைவிட மிகவும் குறைவு.

இன்னொன்று. கீழே உள்ள சோதனைகளை அறிக்கையைப் பார்த்துச் செய்யாதீர்கள். மெஷின் பக்கத்தில் நின்று, பகல் ஷிப்ட் ஒன்று, இரவு ஷிப்ட் ஒன்று என இரண்டையும் பார்த்துச் செய்யுங்கள்.

## அறிகுறி 1: ரிஜெக்‌ஷன் குறைந்துவிட்டது என்கிறது அறிக்கை, கஸ்டமர் கம்ப்ளைன்ட் மட்டும் குறையவில்லை

இதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த அறிகுறி. மிகவும் ஆபத்தானதும் இதுதான். மேலே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க, கீழே அதே பழைய நிலைமை தொடரும்.

### ரீவொர்க் கணக்கில் வருகிறதா?

ரீவொர்க் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முழு ஷிப்ட் நில்லுங்கள். எத்தனை பீஸ் வந்து, பிசிர் எடுத்து, மறுபடி தேய்த்து, நல்லதாகி லைனுக்குத் திரும்புகிறது என்று எண்ணுங்கள். அன்றைய அறிக்கையில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. கடைசியில் தேறியதை வைத்து "99 சதவீதம் ஓகே" என்று எழுதியிருப்பார்கள்.

பார்க்க வேண்டியது, கை வைக்காமல் முதல் தடவையிலேயே தேறியது எவ்வளவு என்பதை. ஐந்து கட்டமாக ஓடும் லைனில் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் தடவைத் தேர்ச்சி 95 சதவீதம் என்று வையுங்கள். ஐந்தையும் பெருக்கினால் 77 சதவீதம்தான் வரும். அதாவது நூற்றில் 23 பீஸ் எங்கேயோ ஒரு கட்டத்தில் தடுக்கி விழுந்து எழுந்து வந்திருக்கிறது. இந்த 23தான் உங்கள் உண்மையான பிரச்சினை. கம்ப்ளைன்ட்டும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் போகிறது.

சரிசெய்வது எளிது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தாள் வையுங்கள். பீஸைத் திருத்தக் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் எண் பயமுறுத்தும். அந்த வாரம் யாரையும் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் இரண்டாவது வாரத் தாள் சுத்தமாக வரும், அதற்கப்புறம் உண்மை எண் உங்கள் கைக்குக் கிடைக்காது.

### பீஸ் ஒளிகிறதா?

உள்ளே போன மூலப்பொருளின் எடையிலிருந்து வெளியே வந்த நல்ல பீஸ், ஸ்க்ராப், சீவல் மூன்றின் எடையையும் கழியுங்கள். மிச்சம் கணக்கில் வராமல் நின்றால், மெஷினுக்கு அடியிலும் ரேக்குக்குப் பின்னாலும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒளித்துவைத்த பீஸ் கிடைத்தால் ஆபரேட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ரிஜெக்‌ஷன் காட்டிய ஆளுக்குப் போன மாதம் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். காரணம் அங்கே இருக்கும்.

### சாம்பிள் போதுமா?

ஒரு லாட்டுக்கு 5 பீஸ் எடுத்துப் பார்க்கிறீர்கள், லாட்டில் 2 சதவீதம் குறை இருக்கிறது என்று கொள்வோம். அந்த 5இல் ஒன்றுகூடக் குறையாக வராமல் போக ஏறத்தாழ 90 சதவீத வாய்ப்பு உண்டு. பத்து லாட்டில் ஒன்பது தேறிப் போய்விடும். 2 சதவீதக் குறையில் ஒரு பீஸையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க வேண்டுமானால் 150 பீஸ் வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக நூறு சதவீதமும் கண்ணால் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. மணிக்கணக்கில் ஒரே பீஸைப் பார்க்கும் கண் தவறவிடும். சாம்பிள் எண்ணை வைத்துக்கொண்டு "லாட் நல்லது" என்று அறிவிப்பதை நிறுத்துங்கள், குறை பிறக்கும் இடத்துக்குப் போங்கள்.

### கஸ்டமர் சொல்வதை நாம் சோதிக்கவே இல்லையா?

கடந்த ஒரு வருடக் கம்ப்ளைன்ட்டை வகை பிரித்து, எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். முதல் மூன்று வகையும் உங்கள் இன்ஸ்பெக்‌ஷன் பட்டியலில் இருக்கின்றனவா? பேக்கிங்கில் உரசியது, துரு பிடித்தது, லேபிள் மாறியது, இரண்டு பாகம் கலந்து போனது. இவையெல்லாம் அளவு பார்க்கும் மேஜையைத் தாண்டிய பிறகு நடப்பவை. பீஸைத் தயாரிக்கும் இடத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் இவை குறையாது.

### நிபுணரை அழைக்கும் கட்டம்

திரும்பி வந்த பீஸ்கள் எல்லாமே டிராயிங் சொல்லும் அளவுக்குள் இருந்தால், அளவே பயன்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். தரப் பிரிவு தனியாக உட்கார்ந்து இதைத் தீர்க்க முடியாது. உங்கள் வடிவமைப்புப் பொறியாளரும் கஸ்டமரின் பொறியாளரும் ஒரே மேஜையில், அதே பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

## அறிகுறி 2: நம்மிடம் ஓகே ஆன பீஸ் கஸ்டமரிடம் ரிஜெக்ட் ஆகிறது

பீஸைச் சந்தேகிக்கும் முன் அளவையை, அதாவது அளக்கும் கருவியையும் முறையையும், சந்தேகியுங்கள். வரிசை இதுதான்.

அழுக்கு, பிசிர், பூஜ்யம். கேஜ் தாடையைத் துடைத்து, பூஜ்யம் சரிபார்த்து, பிசிர் நீக்கி மறுபடி அளந்து பாருங்கள். இதோடு முடிந்துபோகும் சண்டைகள் நிறைய.

இடமும் வெப்பமும். இருவரும் ஒரே புள்ளியில்தான் அளக்கிறீர்களா? அளவு அறிவதற்கான பொது வெப்பநிலை 20 டிகிரி. 100 மில்லிமீட்டர் எஃகுப் பீஸ் 10 டிகிரி சூடு கூடினால் 11, 12 மைக்ரான் நீளும். அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளும். மெஷினிலிருந்து சூடாக எடுத்த பீஸை உடனே அளந்து ஓகே எழுதினால், குளிரூட்டிய அறையில் அளக்கும் கஸ்டமரின் எண் வேறாகத்தான் வரும்.

கருவி இந்த வேலைக்கு ஏற்றதா? அனுமதித்த விலகல் முழுவதையும் எடுத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி பிரித்துக் காட்ட வேண்டும் என்பது பழைய, நல்ல விதி. 0.05 மில்லிமீட்டர் விலகலை, 0.02 மட்டுமே காட்டும் வெர்னியரில் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி நேரம் ஊகம்தான். காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது வேறு விஷயம். கருவி சரியாக இருக்கிறது என்றுதான் ஸ்டிக்கர் சொல்லும், இந்த அளவுக்கு அது போதும் என்று சொல்லாது. தணிக்கைக்கு வருபவர் ஸ்டிக்கரைக் கேட்பதால் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை.

ஆளுக்கு ஆள் மாறுகிறதா? பத்துப் பீஸ், மூன்று பேர், ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. பீஸ் எண் அளப்பவருக்குத் தெரியக் கூடாது, வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். தினமும் அந்த வேலையைச் செய்பவர்களே அளக்க வேண்டும், ஆய்வகத்தில் கைதேர்ந்தவரை வைத்து அளந்தால் பயன் இல்லை. அளவையால் மட்டும் வரும் மாறுபாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10 முதல் 30 என்றால் அந்த அளவின் முக்கியத்துவத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். 30ஐத் தாண்டினால் உற்பத்தியில் எதையும் தொடாதீர்கள், அளவையைத் தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நாள் போதும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மெஷினை நோண்டிய இடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கண்ணால் பார்க்கும் குறை என்றால் கீறல், நிறம், புள்ளி எதுவாக இருந்தாலும் "எது வரைக்கும் சரி" என்பதற்கு எல்லைப் பீஸ் வேண்டும். கஸ்டமர் கையெழுத்திட்ட ஒரு நல்ல பீஸும் ஒரு கெட்ட பீஸும் மேஜை மேலேயே இருக்கட்டும்.

அழைக்கும் கட்டம்: மேலே உள்ள எல்லாம் சரியாக இருந்தும் இரு தரப்பு எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால், ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அதே பீஸை அனுப்புங்கள். இருவரும் முன்கூட்டியே "அவர்கள் சொல்வதுதான் எண்" என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு அனுப்ப வேண்டும்.

## அறிகுறி 3: கன்ட்ரோல் சார்ட் இருக்கிறது, பலன் இல்லை

கன்ட்ரோல் சார்ட் என்பது அவ்வப்போது அளந்த எண்களை, நடுக்கோட்டுக்கும் இரண்டு எல்லைக் கோடுகளுக்கும் இடையே புள்ளியாக வைக்கும் படம். அந்தச் சார்ட்டைப் பார்த்தாலே எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

### புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தால்

ஷிப்ட் முழுவதும் ஒரே மை, ஒரே சாய்வில் எழுத்து, உணவு இடைவேளையிலும் ஒரு புள்ளி. அப்படியானால் கடைசி நேரத்தில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். திட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கேஜ் இருக்கும் இடத்துக்கு நடந்து போய் 5 பீஸ் அளந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் மெஷின் எத்தனை பீஸ் போட்டுவிடும்? அந்த நேரத்தை உற்பத்தித் திட்டம் கொடுத்திருக்கிறதா? கொடுக்கவில்லை என்றால் கேஜை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், அளக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள்.

எண்கள் உண்மை என்று தெரிந்தால், இரண்டு மெஷின் அல்லது இரண்டு அச்சுக் குழிகளின் பீஸை ஒரே சாம்பிளில் கலக்கிறீர்களா என்று பாருங்கள். கலந்தால் எல்லைக் கோடு அகன்று, புள்ளிகள் நடுவில் அமைதியாக நிற்கும்.

### எல்லைக் கோடுகள் டிராயிங் அளவாகவே இருந்தால்

இது அடிக்கடி நடக்கும். டிராயிங்கின் மேல் அளவையும் கீழ் அளவையும் சார்ட்டில் கோடாக இழுத்துவிடுவார்கள். கன்ட்ரோல் எல்லை மெஷினின் சொந்த நடத்தையிலிருந்து கணக்கிட வேண்டியது, சராசரியிலிருந்து இரு பக்கமும் மூன்று சிக்மா (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் எண்தான் சிக்மா). டிராயிங் எல்லையில் வைத்தால், கெட்ட பீஸ் வந்த பிறகுதான் சார்ட் பேசும். அதற்குச் சார்ட்டே தேவையில்லை.

### புள்ளி வெளியே போகிறது, யாரும் அசையவில்லை என்றால்

மூன்று ஆபரேட்டரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: "ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே போனால் என்ன செய்வீர்கள்?" மூன்று விதமாகப் பதில் வந்தால் குறை அவர்களிடம் இல்லை. சார்ட்டின் ஓரத்திலேயே நான்கு வரி எழுதி ஒட்டுங்கள். எதை முதலில் பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது, கடைசி நல்ல சாம்பிளுக்குப் பிறகு வந்த பீஸை எங்கே ஒதுக்குவது, எப்போது மெஷினை நிறுத்துவது. ஒரே பக்கத்தில் தொடர்ந்து 8 புள்ளி வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லைக்குள்ளேயே இருந்தாலும் அது சராசரி நகர்ந்துவிட்டதற்கான அடையாளம்.

### புள்ளி மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருந்தால்

நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு இது. ஒவ்வொரு பீஸையும் அளந்து, விலகிய அளவுக்கு எதிர்ப்பக்கம் ஆஃப்செட்டை, அதாவது மெஷினின் அளவுத் திருத்தத்தை, திருப்புகிறார் ஆபரேட்டர். நிலையாக ஓடும் மெஷினில் அப்படிச் செய்தால் சிதறலின் வர்க்கச் சராசரி இரண்டு மடங்காகும், அதாவது சிக்மா ஏறத்தாழ 1.4 மடங்கு. தர மேலாண்மையின் முன்னோடி டெமிங் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதைத்தான் மேலாளர்களுக்குக் காட்டினார். புள்ளியியலாளர் ஷூஹார்ட் 1924இல் இந்தச் சார்ட்டை உருவாக்கியதன் நோக்கமே, எப்போது கை வைக்க வேண்டும், எப்போது கை வைக்கக் கூடாது என்று பிரித்துக் காட்டுவதுதான்.

சோதனை: பீஸ்களைத் தனியே ஒதுக்கிவைத்து, ஒரு மணி நேரம் யாரும் ஆஃப்செட்டைத் தொடாமல் ஓட்டுங்கள். அந்த ஒரு மணி நேரச் சிதறலை முந்தைய மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆபரேட்டரை அழைத்து இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

### சார்ட் எண்ணிக்கை

அளவுக்கு ஒன்று என்று சார்ட் போட்டிருந்தால் பாதிக்கு மேல் கழற்றிவிடுங்கள். கஸ்டமருக்கு வலிக்கும் அளவுகளும் அடிக்கடி நகரும் அளவுகளும் போதும்.

அழைக்கும் கட்டம்: சார்ட் நிலையாக இருக்கிறது, யாரும் தேவையில்லாமல் தொடவில்லை, ஆனாலும் சிபிகே (டிராயிங் எல்லைக்குள் மெஷின் எவ்வளவு வசதியாக நிற்கிறது என்று சொல்லும் எண்) 1.33ஐத் தொட மறுக்கிறது. முதலில் சராசரி ஓரமாக நிற்கிறதா என்று பாருங்கள், அது செட்டிங்கில் தீரும். சராசரி நடுவில் நின்றும் சிதறலே பெரிது என்றால் ஸ்பிண்டில், கைடு, ஃபிக்ஸ்சர், டை தேய்மானம் என்று மெஷினுக்குள் போக வேண்டும். மெஷின் தயாரித்தவரின் ஆளைக் கூப்பிடுங்கள். பல காரணிகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால், அதாவது வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றும் சேர்ந்து மாறினால், சோதனை வடிவமைப்பு தெரிந்த புள்ளியியல் நிபுணர் ஒருவர் வேண்டும். ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் நாளும் பொருளும்தான் வீண்.

## அறிகுறி 4: சரிசெய்த குறை இரண்டு மூன்று மாதத்தில் திரும்பி வருகிறது

### எழுதிய காரணத்தைப் படியுங்கள்

கடந்த இருபது திருத்த நடவடிக்கை அறிக்கைகளை எடுங்கள். "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று காரணமும் "அறிவுறுத்தப்பட்டது" என்று நடவடிக்கையும் எழுதிய தாள்களைத் தனியாக அடுக்குங்கள். அந்த அடுக்கில் இருப்பவை எல்லாம் இன்னும் திறந்தே இருக்கும் குறைகள், மூடியதாகக் கணக்கில் வைக்காதீர்கள். மனிதன் மறப்பான், களைப்பான். மறந்தாலும் குறை வராத மாதிரி வேலை அமையவில்லையே, ஏன் என்றுதான் கேட்க வேண்டும்.

### இரண்டு "ஏன்" கேட்டீர்களா?

குறை ஏன் பிறந்தது என்பது ஒன்று. பிறந்த குறை ஏன் வாசலைத் தாண்டிப் போனது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி விடை வேண்டும். பல அறிக்கைகளில் இரண்டாவதற்கு மட்டும் விடை இருக்கும்: "இன்ஸ்பெக்‌ஷன் கூட்டப்பட்டது". பிறப்பு அப்படியே தொடரும், கூடுதல் இன்ஸ்பெக்‌ஷனை எப்போது எடுக்கிறார்களோ அன்று குறை திரும்பும். மூன்று மாதக் கணக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

### குறையை வரவழைக்க முடிகிறதா?

நான் மிகவும் நம்பும் சோதனை இது. காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்கிறீர்கள். சரி, அந்தக் காரணத்தை வேண்டுமென்றே ஏற்படுத்துங்கள். குறை வருகிறதா? காரணத்தை எடுங்கள். குறை போகிறதா? மறுபடி ஏற்படுத்தினால் மறுபடி வருகிறதா? வந்தால் அதுதான் காரணம். கிளாம்ப் அழுத்தம் குறைந்ததால் துளை நகர்ந்தது என்று நினைத்தால், அழுத்தத்தைக் குறைத்து முப்பது பீஸ் போட்டுப் பாருங்கள். துளை நகரவில்லை என்றால், காரணங்களைக் கிளை கிளையாக வரைந்த மீன்முள் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஓரம் வைத்துவிட்டு அடுத்த காரணத்துக்குப் போக வேண்டும். இப்படிச் சோதித்த பீஸ்களுக்கு நிறம் பூசிப் பூட்டி வைக்கவும், ஆபத்து இல்லாத குறைகளுக்கு மட்டுமே இப்படிச் செய்யவும்.

### திருத்தம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது?

இரவு ஷிப்ட், பக்கத்து மெஷின், அலமாரியில் கிடக்கும் இரண்டாவது ஃபிக்ஸ்சர், செட்டிங் தாள், பராமரிப்புப் பட்டியல், புதிதாக ஆர்டர் செய்யும் டூலின் டிராயிங். பழைய டிராயிங்கில் புது டூல் வந்தால் பழைய குறையும் கூடவே வரும்.

### தவறைத் தடுக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா?

ஜப்பானியப் பொறியாளர் ஷிங்கோ போகா-யோகே என்று பெயர் கொடுத்த இந்த ஏற்பாடு நல்ல மருந்துதான். பீஸ் தலைகீழாக நுழையாமல் தடுக்கும் ஒரு ஊசி, ஒரு சென்சார். ஆனால் சென்சார் தொல்லை கொடுத்தால் அதன் மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் சிவப்பு பூசிய ஒரு கெட்ட பீஸைப் போட்டுப் பாருங்கள். மெஷின் மறுக்க வேண்டும். மறுக்கவில்லை என்றால் லைன் தொடங்கக் கூடாது.

அழைக்கும் கட்டம்: விரிசல், உள்ளே காற்றுக்குழி, உடைந்த பாகம், கடினத்தன்மை மாறுதல். இவற்றை உள்ளே வைத்து விவாதித்துப் பயன் இல்லை, உலோகவியல் ஆய்வகம் தேவை. அனுப்பும் வரை உடைந்த முகங்களைத் துடைக்கவோ தேய்க்கவோ, "பொருந்துகிறதா" என்று ஒட்டிப் பார்க்கவோ வேண்டாம். உடைந்த கதை அந்த முகத்தில்தான் எழுதியிருக்கும். பயன்படுத்துபவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கும் குறை என்றால் இந்தப் பட்டியல் எதையும் பார்க்காமல் அன்றே அனுப்புவதை நிறுத்தி, கஸ்டமருக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: மாதக் கடைசியில் தரம் காணாமல் போகிறது

மாதம் முழுவதும் ஹோல்டில் (அனுப்பாமல் நிறுத்தி) இருந்த லாட் 28ஆம் தேதிக்கு மேல் வரிசையாக வெளியே போகும். மற்ற அறிகுறிகளை எல்லாம் சரிசெய்து இதை விட்டால் எதுவும் நிற்காது. ஆகவே இதை நேராகப் பாருங்கள்.

முதல் சோதனைக்கு ஒரு பேனாவும் தாளும் போதும். தினசரி அனுப்பிய எண்ணிக்கையைப் படமாக வரையுங்கள். அதற்குக் கீழே, ஹோல்டு நீக்கிய தேதிகளையும் விலகலுக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட்ட தேதிகளையும் புள்ளியாக வையுங்கள். புள்ளிகள் கடைசி வாரத்தில் குவிந்திருந்தால், பீஸின் தரத்தை முடிவு செய்வது நாட்காட்டிதான். கையெழுத்துப் போட்டவர் பெயரையும் பாருங்கள்.

எளிய காரணம்: உற்பத்தி மேலாளரை எண்ணிக்கையால் மட்டும் அளக்கிறார்கள், தர மேலாளரை ரிஜெக்‌ஷனால் மட்டும் அளக்கிறார்கள். இருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்தாலே சண்டைதான் வரும். முதல் தடவைத் தேர்ச்சியையும் கஸ்டமர் திருப்பி அனுப்பியதையும் இருவருக்கும் பொதுவான அளவாக வையுங்கள். டெமிங்கின் 14 அம்சங்களில் எண்ணிக்கை இலக்குகளை நீக்குவதும் அச்சத்தைப் போக்குவதும் இருப்பது காரணத்தோடுதான், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

அடுத்தது, நிறுத்தும் உரிமை. "யார் வேண்டுமானாலும் லைனை நிறுத்தலாம்" என்று பலகையில் எழுதியிருக்கும். ஆபரேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள், அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடந்தது? சூப்பர்வைசர் ஓடி வந்து என்ன குறை என்று கேட்டார் என்றால் உரிமை உயிரோடு இருக்கிறது. யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார் என்றால் அந்த லைனில் இனி யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தியதற்கு முதலில் நன்றி, அப்புறம்தான் கேள்வி. இதைச் சூப்பர்வைசருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு காசும் ஆகாது.

செலவுள்ள காரணம்: திட்டமே மெஷினின் திறனைத் தாண்டியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு வரும் நல்ல பீஸ் எண்ணிக்கையை உண்மையில் ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, மாதத் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். திட்டம் அதிகமாக இருந்தால் மாதக் கடைசி நெருக்கடி யாருடைய ஒழுக்கக்கேடும் இல்லை, கணக்கிலேயே இருப்பது. ஆர்டரைக் குறைக்க வேண்டும் அல்லது திறனைக் கூட்ட வேண்டும்.

அழைக்கும் கட்டம்: இதற்கு வெளியாள் உதவ மாட்டார். நிறுவனத்தின் உரிமையாளர் அல்லது நிர்வாக இயக்குநரிடம்தான் போக வேண்டும். மேலே சொன்ன படத்தோடு, நான்கு செலவையும் எழுதிக்கொண்டு போங்கள்: தடுப்புக்கு ஆனது, சோதனைக்கு ஆனது, உள்ளேயே கெட்டதால் ஆனது, வெளியே போய்த் திரும்பியதால் ஆனது. கடைசி இரண்டும் பணமாகத் தெரிந்த பிறகும் அவர் மாதக் கடைசிக் கையெழுத்தை நிறுத்தவில்லை என்றால், டி.க்யூ.எம்.முக்குச் செலவழிப்பதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இது என் உறுதியான கருத்து. தலைமை விரும்பாத இடத்தில் கீழே இருப்பவர்களை உழைக்க வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

## அறிகுறி 6: யோசனைப் பெட்டி காலி, தர வட்டம் கூடுவதில்லை

கடைசியாக வந்த பத்து யோசனைகளுக்கு எத்தனை நாளில் பதில் போனது என்று பாருங்கள். பதிலே போகவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். "முடியாது, இன்ன காரணத்தால்" என்பதும் பதில்தான், ஒரு வாரத்துக்குள் போனால் போதும்.

பதில் போகிறது என்றால் கூட்டம் சம்பள நேரத்தில் நடக்கிறதா, பிரச்சினையைத் தேர்ந்தெடுப்பது வட்டமா மேலாளரா என்று பாருங்கள். ஜப்பானில் 1962இல் தர வட்டங்கள் தொடங்கியபோது, வேலை செய்பவர்கள் தங்கள் சொந்த வேலையைத் தாங்களே ஆராய வேண்டும் என்பதுதான் அடிப்படை. மேலிருந்து தலைப்புக் கொடுத்தால் அது இன்னொரு வேலை ஒதுக்கீடாகிவிடும். மிச்சமான பணத்தில் சதவீதம் என்று பரிசு வைப்பதையும் நான் ஆதரிப்பதில்லை, யாருடைய யோசனை என்ற சண்டையில் வட்டம் உடைந்துபோகும்.

யோசனையால் ஆள் குறைந்த சம்பவம் ஒரு தடவை நடந்திருந்தாலும் பெட்டி நிரம்பாது. அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியை உட்கார வைத்து, யோசனையால் யாருக்கும் வேலை போகாது என்று எழுத்தில் கொடுத்தால்தான் மறுபடி ஆரம்பிக்க முடியும்.

## அறிகுறி 7: உள்வரும் சோதனையில் தேறிய பொருள் லைனில் தகராறு செய்கிறது

முதலில், சோதனையில் பொருளைப் பார்க்கிறார்களா, சான்றிதழை மட்டும் பார்க்கிறார்களா? அப்புறம், லாட் எண் லைன் வரைக்கும் தொடர்கிறதா? தொடராவிட்டால் எந்த லாட் தகராறு செய்தது என்றே சொல்ல முடியாது, சப்ளையரிடம் பேச ஒன்றும் இருக்காது. மூன்றாவது, கொள்முதல் பிரிவு கடந்த ஆண்டில் எத்தனை தடவை சப்ளையரை மாற்றியது? விலைப் பட்டியலில் மிச்சமானதையும் லைன் நின்ற மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவர்களிடம் காட்டுங்கள்.

மூன்றும் சரி என்றால் சப்ளையரின் தளத்துக்கே போய் அவர் மெஷினைப் பாருங்கள். குற்றம் பிடிக்கப் போகாதீர்கள், சேர்ந்து அளக்கப் போங்கள். வேதியியல் கலவையில் சந்தேகம் என்றால் மட்டும் வெளி ஆய்வகம்.

## ஆலோசகரைக் கூப்பிட முடிவு செய்தால்

அவர் வரும் முன் நான்கு பொருள் தயாராக இருக்கட்டும்: வகை பிரித்த ஒரு வருடக் கம்ப்ளைன்ட், கட்டம் வாரியாக முதல் தடவைத் தேர்ச்சி, முக்கிய அளவுகளுக்கு அளவைச் சோதனை முடிவு, மாதக் கடைசிப் படம். இவை இல்லாமல் கூப்பிட்டால் முதல் சில வாரம் இவற்றைச் சேர்ப்பதற்கே போகும், அதற்கும் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு லைனை, ஒரே ஒரு குறையைக் கொடுத்து ஆரம்பியுங்கள். அந்த லைனின் சூப்பர்வைசரும் இரண்டு ஆபரேட்டரும் தொடக்கத்திலிருந்தே அவர் கூட இருக்க வேண்டும். அவர் போன பிறகு எந்த எண்ணை யார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை எழுதுவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே பெயர் போட்டுச் சேர்த்துவிடுங்கள்.